கும்பிக்குக் காய்ச்சல்

திருநெல்வேலிச் சந்தை கலைய ஆறு மணியாகும்.
கோவாவின் வெளியிலை,
வெடித்த தக்காளி,
குலை வெட்டி எறிந்த வாழைத்தண்டு,
பேரம் படியாமல் யாரோ போட்டு உடைத்த
ஒரு முழுப் பூசணி.
"நேசம், இண்டைக்கு உனக்குக் கலியாணச் சாப்பாடு"
என்பான் குலைக்கடை அரியகுட்டி.
சிரிக்க மாட்டேன். அள்ளுவேன்.
லான்ட்மாஸ்டர் பெட்டி நிரம்பியதும்
பலாலி வீதியில் மெல்ல வருவேன்.
பின்னால் வரும் மோட்டார்சைக்கிள்காரர்
மூக்கைப் பொத்த
ஒரு கையை விடவேண்டியிருக்கும்.

உரும்பிராயில் எனக்கு மூன்று பரப்பு.
குத்தகை. செம்மண்.
இரண்டு முழம் தோண்டினால் சுண்ணாம்புக் கல்.
கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் கொண்டுபோனவர்கள்
ஒரு கிழமை கழித்து வந்து
"பிள்ளைக்குப் பால்மா கரைக்க வேண்டாம்" என்றார்கள்.
எத்தனை போகம் நாங்கள் எறிந்த யூரியா
கல்வெடிப்பு வழியே இறங்கி
அங்கே இருந்திருக்கிறது,
வாளிக்காக.
அந்தக் கிழமைதான் முதல் கும்பி வைத்தேன்.

சாணகம் ஒரு படை.
பூவரசங்குழையும் கிளுவங்குழையும் ஒரு படை.
வேலியில் கறையான் தின்று மிச்சம் விட்ட பனையோலை.
மேலே சந்தை.
மறுபடி சாணகம்.
ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால்
இரண்டு சொட்டு விழலாம்,
மூன்றாவது விழக்கூடாது.
நடுவில் அலவாங்கை இறக்கிவிட்டுப் படுப்பேன்.
விடிய உருவித் தொட்டால் சுடவேண்டும்.
சுடாவிட்டால்
முதுகு விட்டுப்போக முழுதும் புரட்டவேண்டும்.

ஆனியில் சோளகம் எழும்பியது.
அதற்கு என்மேல் என்ன கோபமோ,
நாற்றத்தை அப்படியே தூக்கி
வடகிழக்கே
குலசேகரத்தாரின் விறாந்தையில் வைத்தது.

மூன்று பக்க முறைப்பாடு.
கச்சேரியில் கிளாக்கராய் இருந்த கை;
ஒரு வெட்டுத்திருத்தம் கிடையாது.
பிரதி ஒன்று எனக்கும், பின் குத்தி.

பி.எச்.ஐ. சின்னப் பெடியன்.
படிவத்தில் 'துர்நாற்றம்' என்று ஒரு வரி,
உண்டு, இல்லை என்று இரண்டு கட்டம்.
அலவாங்கை உருவி நீட்டினேன்.
தொட்டுவிட்டுக் கையை உதறினார்.
"என்னக்கா, காய்ச்சல் மாதிரிச் சுடுது!"
"காய்ச்சல்தான் தம்பி. விட்டதும் மணம் மாறும்."
பேனையோடு நெடுநேரம் நின்றவர்
இரண்டு கட்டத்துக்கும் நடுவில்
'பரவாயில்லை' என்று எழுதிவிட்டுப் போனார்.

அந்த மூன்று பக்கத்தையும் கிழித்துக்
கும்பியில் போட்டேன்.
கோபத்தில் இல்லை.
சந்தைக் கழிவில் ஈரம் கூடிவிட்டது,
கடதாசி உறிஞ்சும்.

ஐப்பசியில் எந்தக் கடையிலும் உரம் இல்லை.
வெள்ளைப் பைகள் அடுக்கியிருந்த மூலையில்
பூனை குட்டி போட்டிருந்தது.
குலசேகரத்தார் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று
மழையைப் பற்றிப் பேசினார்.
விதைவெங்காய விலையைப் பற்றிப் பேசினார்.
என் மகன் எத்தனையாம் வகுப்பு என்று கேட்டார்.
பிறகு என்னைப் பாராமல்,
"உது... கடகம் என்ன விலை?"

சொன்னேன். குறைக்கவில்லை.
அரித்துத்தான் கொடுத்தேன்.
அரிதட்டில் நின்றவை:
சொப்பிங் பையின் ஒரு காது,
சம்பூப் பைக்கற்றின் மூலை,
இந்தப் பக்கத்து மண் இன்னும் கக்குகிற
ஒரு சன்னக் கோது,
துருப்பிடித்த ஒரு பின்.
எல்லாம் பால்மாப் பேணிக்குள் கிடக்கின்றன.
மூன்று பக்கத்தில் ஓரெழுத்தும் இல்லை.
கறுத்து, உதிர்ந்து, மழை பெய்த மணத்தோடு
ஒன்பது கடகம்.
ஆள் வைக்காமல் அவரே சுமந்தார்.

இப்போது வாடை.
காற்று அவர் பாத்தி தாண்டி
என் பக்கம் வருகிறது.
தாள் விட்ட வெங்காயம், நனைந்த மண்,
அதற்குள் எங்கேயோ என்னுடையதும்.
மூக்கை நீட்டிப் பார்க்கிறேன். பிரிக்க முடியவில்லை.

லான்ட்மாஸ்டரில் டீசல் அடிமட்டம்.
செட்டில் வரிசை ஒரு மைல் என்கிறார்கள்.
சந்தையில் கோவாயிலை குவிந்து கிடக்கும்.